நெளிந்த தட்டும் 180 கிராம் பெருமையும்

ஜாஸ் மறுபதிப்புத் தட்டுகளை விற்பவர்களிடமும் அவற்றைப் பற்றி எழுதுபவர்களிடமும் ஒரு வாதம் நிலைபெற்றுவிட்டது. தட்டு கொஞ்சம் நெளிந்திருந்தால் என்ன, ஊசி குதிக்காமல் ஓடுகிறதல்லவா என்கிறார்கள். அதற்குமேலும் குறை சொல்பவன் இசையைக் கேட்கவில்லை, பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அவர்கள் தீர்ப்பு. வினைல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்ற சமாதானமும் கூடவே வரும். இந்த வாதத்தை நான் வெகுகாலமாக மறுத்து வருகிறேன். மறுபதிப்புகளின் விலையும் புகழும் ஏற ஏற என் மறுப்பும் வலுத்திருக்கிறது.

மறுபதிப்பு இயக்கம் செய்த நன்மைகளை மறுக்க முடியாது. ப்ளூ நோட் நிறுவனம் 2019-ல் தொடங்கிய டோன் போயட் வரிசையில் ஜோ ஹார்லியின் தேர்வும் கெவின் கிரேயின் மாஸ்டரிங்கும் சேர்ந்து, ரூடி வான் கெல்டர் பதிவுசெய்த இசையைப் பழைய தட்டுகள் பலவற்றைவிடத் தெளிவாகத் தந்திருக்கின்றன. வெய்ன் ஷார்ட்டரின் 'எட்செட்ரா' 1965-ல் பதிவாகி 1980-ல்தான் வெளிவந்தது. அப்படிப்பட்ட இசைக்கு இன்று உரிய மரியாதை கிடைத்திருக்கிறது. சாக்ஸஃபோன் கலைஞர் ஹேங்க் மோப்லியின் முதல் அச்சுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்க முடியாதவர்களும் இன்று அவரைக் கேட்கலாம். உறையை விரித்தால் ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரிதாகக் கிடைக்கின்றன. இவ்வளவும் உண்மை.

ஆனால் இத்தனை உழைப்பும் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் வட்டின் மேல்தான் வந்து நிற்கிறது. அந்த வட்டு தட்டையாக இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் 'குதிக்காமல் ஓடுகிறது' என்ற வாதம் இந்த இடத்தை எப்போதும் தாண்டிப் போய்விடுகிறது.

எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. தட்டில் ஒரு மேடு இருந்தால் 1.8 விநாடிக்கு ஒருமுறை ஊசி ஏறி இறங்கும். ஊசியைத் தாங்கும் டோன் ஆர்மின் சுழல்முனை தட்டின் பரப்பைவிட உயரத்தில் இருப்பதால், ஊசி மேலே ஏறும்போது தடத்தின் போக்கிலேயே முன்பின்னாகச் சற்று நகர்கிறது. அந்த நகர்வு ஊசிக்கும் தடத்துக்கும் இடையிலான வேகத்தை மாற்றுகிறது. வேகம் மாறினால் சுருதி மாறும். விளிம்பில் குறுகலாக மடிந்த நெளிவு இதைவிடக் கொடியது. அதன் ஏற்ற இறக்கம் விநாடிக்குப் பல முறை என்ற அளவை எட்டும். சுருதி அலைவதை நம் காது மிக நன்றாகக் கண்டுகொள்வது விநாடிக்கு 4 முறை அலையும்போது. மேட்டில் ஏறுகையில் ஊசி தடத்தை அழுத்துகிறது, இறங்குகையில் பிடி தளர்கிறது. ஒலிபெருக்கியின் கூம்பு இசைக்குத் தொடர்பில்லாமல் முன்னும் பின்னும் துடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஊசி ஒரு தடவைகூடக் குதிக்காமலே இவ்வளவும் நடந்துவிடும்.

இதில் ஜாஸுக்கு நேரும் இழப்பு தனி. பியானோ கமகத்துக்கு இடமில்லாத வாத்தியம். சாக்ஸஃபோனில் பென் வெப்ஸ்டர் ஒரு சுரத்தை அசைத்து அசைத்து நிறுத்தினால், அது அவர் மூச்சா, தட்டின் நெளிவா என்று சில நேரம் தெரியாமல் போகலாம். பியானோவில் தட்டிய கம்பியின் சுருதியை வாசிப்பவரால் அசைக்க முடியாது. அது அசைந்து கேட்டால் அசைத்தது தட்டுதான். பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் வாசித்த 'வால்ட்ஸ் ஃபார் டெபி' பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். எவன்ஸ் ஓர் இணைசுரத்தை அழுத்தி, அது தானாகத் தேய்ந்து அடங்கும்வரை காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பில்தான் அவர் இசை இருக்கிறது. பக்கத்தில் ஸ்காட் லஃபாரோவின் பேஸ் நீண்டு ஒலிக்கிறது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அந்த மூவரிடமிருந்து நமக்கு எஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் தேய்ந்து அடங்கும் ஒரு சுரம் நடுங்கினால், 'ஓடுகிறதல்லவா' என்று என்னால் ஆறுதல் கொள்ள முடியாது.

மறுபதிப்பு உலகம் சுருதியைப் பற்றி அக்கறை இல்லாததும் அல்ல. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959-ல் வந்தபோது, பதிவு செய்த இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருந்ததால், முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் ஏறிய சுருதியில் ஒலித்தன. 1992 மறுபதிப்பில் அது திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தை இன்றும் சேகரிப்பாளர்கள் பெருமையோடு சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். அப்படித் திருத்திய இசையையே நெளிந்த தட்டிலும், நடுத்துளை விலகிய தட்டிலும் அச்சிட்டுக் கொடுத்தால் அந்தத் திருத்தத்துக்கு என்ன மதிப்பு? துளை நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகினால், தட்டின் உட்பகுதியில், மையத்திலிருந்து 6 சென்டிமீட்டர் தூரத்தில், வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 0.8 விழுக்காடு ஏறி இறங்கும். பழைய பிழையாவது நிலையாக நின்ற பிழை, காது அதற்குப் பழகிக்கொண்டது. இது ஊசலாடும் பிழை, எந்தக் காதும் பழகாது.

இன்னொன்றையும் பாருங்கள். மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுபதிப்பு நிறுவனத்தின் தட்டுகள் பலவற்றில் மூலநாடாவுக்கும் தட்டுக்கும் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்று 2022-ல் தெரியவந்தது. முழுக்க அனலாக் என்று நம்பி வாங்கியவர்கள் கொதித்தார்கள், வழக்கும் தொடுத்தார்கள். உண்மையை மறைத்தது தவறுதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தட்டுகளை ஆண்டுக்கணக்கில் கேட்டுப் புகழ்ந்தவர்களில் யாருக்கும் அந்த டிஜிட்டல் படி காதில் விழவில்லை. காதில் விழாத ஒன்றுக்காக நீதிமன்றம் போகிறவர்கள், காதில் விழும் ஒன்றை 'வினைலின் இயல்பு' என்று மன்னிக்கிறார்கள்.

இந்த மன்னிப்புக்குத் துணை நிற்பது 180 கிராம் என்ற விளம்பரம். கனத்த தட்டு என்றால் தரமான தட்டு என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். கனமாக இருப்பதாலேயே தட்டு தட்டையாக இருந்துவிடாது. அச்சு இயந்திரத்தில் நீராவிச் சூட்டில் இளகிய பிவிசி, குளிர்நீர் பாய்ந்த பிறகு இறுகுகிறது. கனம் கூடினால் சூடு இறங்கக் கூடுதல் நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் எடுத்து அடுக்கினால் தட்டு வளைந்தபடியே இறுகிவிடும். அமெரிக்காவில் 2022-ல், 1987-க்குப் பிறகு முதல்முறையாக, சி.டி.யைவிட எல்.பி. அதிக எண்ணிக்கையில் விற்றது. இத்தகைய தேவைக்கு ஈடுகொடுக்கும் ஆலையில் குளிரும் நேரத்தின் ஒவ்வொரு விநாடியும் பணம். பிறகு உறையின் மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி, வெயில் காலத்திலும் லாரியில் ஏற்றுகிறார்கள். மெல்லிய தட்டு நெளிந்தால் மேலே ஒரு வளையத்தை வைத்துப் படிய வைக்கலாம். 180 கிராம் தட்டு நெளிந்தால் எளிதில் படியாது. சுருதி சேராத தம்புராவைக் கையில் கொடுத்துவிட்டு அதன் தந்த வேலைப்பாட்டைக் காட்டுவதைப் போன்றது இந்த 180 கிராம் பேச்சு.

'நெளிந்திருந்தால் திருப்பி அனுப்பு' என்பார்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு அது சரி. சென்னையில் வரவழைப்பவர் தட்டின் விலையோடு அஞ்சல் செலவும் சுங்க வரியும் கட்டியிருப்பார். திருப்பி அனுப்புவதென்றால் மறுபடியும் ஒரு தட்டின் விலை ஆகும். எனக்கு வந்த ஒரு தட்டு கிண்ணம்போல் குழிந்திருந்தது. விற்பனையாளர் படம் கேட்டார், பார்த்தார், 'கேட்கும்படிதான் இருக்கும்' என்று பதில் எழுதி முடித்துக்கொண்டார்.

மிஞ்சுவது வீட்டு வைத்தியம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்துச் சூடேற்றலாம். அதற்கென்றே ஜப்பானில் செய்த மின்கருவியும் கிடைக்கிறது. பக்குவமாகச் செய்தால் சில தட்டுகள் நிமிரவும் செய்யும். ஆனால் பிவிசி இளகத் தொடங்கும் சூட்டை நெருங்காமல் தட்டு நிமிராது. கொஞ்சம் மிஞ்சினால் தடத்தின் நுண்ணிய வளைவுகளும் சேர்ந்து இளகும். அதாவது, பழுதான பொருளுக்கு முழு விலை கொடுத்தவர், அதைச் சரிசெய்யவும் பணம் செலவழித்து, கெட்டுப்போனால் நட்டத்தையும் சுமக்க வேண்டும். எடைக்கல், வளையம், காற்றை உறிஞ்சித் தட்டைப் படிய வைக்கும் டர்ன்டேபிள் என்று ஒரு தனிச் சந்தையே இந்தப் பழுதின் மேல் நடக்கிறது. ஆலை செய்ய வேண்டிய வேலையைக் கேட்பவர் வீட்டுக்குத் தள்ளிவிட்டு, அதற்கு ரசனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மதிப்புரை எழுதுபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மாஸ்டரிங் செய்தவர் பெயரையும் தாளின் வழவழப்பையும் எழுதும் அதே பத்தியில், தட்டு தட்டையாக இருந்ததா, துளை நடுவில் இருந்ததா என்றும் எழுதுங்கள். வாங்குபவர்களுக்கும் சொல்கிறேன். தட்டு வந்த அன்றே சமமான கண்ணாடிமேல் வைத்து விளிம்பைப் பாருங்கள். பியானோ நீண்டு ஒலிக்கும் ஓர் இடத்தைப் போட்டுக் கேளுங்கள். நெளிந்திருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். 'ஓடுகிறதல்லவா' என்ற பதிலை ஏற்காதீர்கள்.