மர்ம விசாரணையாளர் கூல்

ஜே. பி. பிரீஸ்ட்லி எழுதி, 1945-இல் சோவியத் ஒன்றியத்தில் முதன்முதலாக மேடையேறிய ‘ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்’ நாடகம், 1912-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஒரு கற்பனை நகரில், ஆலை முதலாளி ஆர்தர் பெர்லிங்கின் உணவறையில் ஒரே இரவில் நிகழ்கிறது. அவரவர் தம்மையும் தம் குடும்பத்தையும் பார்த்துக்கொண்டால் போதும் என்று பெர்லிங் அறிவுரை கூறிக்கொண்டிருக்கையில் வாசல்மணி ஒலிக்க, ஈவா ஸ்மித் என்னும் பெண்ணின் சாவை விசாரிக்கக் கூல் என்னும் காவல் ஆய்வாளர் வருகிறார். அதுவரை இளஞ்சிவப்பாக இதமாயிருந்த ஒளி அவர் வந்ததும் கடுமையாக மாற வேண்டும் என்பது மேடைக்குறிப்பு, அதாவது நடிகர்க்கும் ஒளியமைப்பாளர்க்கும் ஆசிரியர் பனுவலுக்குள்ளேயே தரும் அறிவுறுத்தல்.

கூலுக்குப் பேருருவம் தேவையில்லை, திண்மை புலப்பட்டால் போதும் என்று பிரீஸ்ட்லி கருதியது அரங்கை நன்கறிந்தவரின் தீர்ப்பு. ஏனெனில் பேசுமுன் எதிரிலிருப்பவரைக் கூர்ந்து நோக்கும் அவரது பழக்கமே அச்சத்தை விளைவிக்கிறது. கிருமிநாசினி குடித்து இறந்த ஈவா ஸ்மித்தின் நிழற்படத்தை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அவர் காட்டுவது, முதலில் வெறும் விசாரணை ஒழுங்காகத் தோன்றினாலும், பார்த்தவர்கள் கண்டது ஒரே படந்தானா என்ற ஐயம் அவர் சென்ற பின்னர் எழும்போது, நாடகத்தின் மிக நுட்பமான கைத்திறன் அதுவே என்பது விளங்குகிறது. அவர் ஆவியா, மனச்சான்றின் உருவமா, காலத்தை முந்தி வந்தவரா என்பதை, காலம் பற்றிய கோட்பாடுகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த பிரீஸ்ட்லி இறுதிவரை கூறவில்லை. கூறியிருந்தால், பெர்லிங்கின் மகள் ஷீலா ஈவாவின் சாவில் தன் குற்றத்தைத் தானாகவே உணர்ந்து ஏற்பதன் மதிப்பு பெரிதும் குறைந்திருக்கும்.