ஜன்கட் சிங் ஷியாம்: பாட்டும் படமும்

ஜன்கட் சிங் ஷியாமின் ஓவியங்களைக் 'கோண்டுகளின் தொன்மைக் கலை' எனச் சுட்டும் வழக்கு மீளாய்வுக்குரியது. அவர் பிறந்த பர்தான் குலத்தார் கோண்டு மக்களின் பாணர்கள். 'பானா' என்னும் நரம்புக் கருவியை இசைத்துத் தெய்வங்களையும் குலமரபையும் பாடியவர்கள். தொன்மை அப்பாட்டினுடையது. வீட்டுச் சுவர்க்கோலங்கள் அங்கு உண்டெனினும், தாளிலும் துணியிலும் தீட்டும் இம்முறை 1980களில், ஜெ. சுவாமிநாதன் பொறுப்பிலிருந்த போபால் பாரத் பவனில் உருப்பெற்றது. பாட்டில் பெயராக மட்டும் விளங்கிய தெய்வங்களுக்கு ஜன்கட் உருவம் கொடுத்தார். இது மொழிபெயர்ப்பாளர் நன்கறிந்த பணியே. தாக்கம் ஒருவழிப்பட்டதுமன்று. சுவாமிநாதனின் பிற்கால ஓவியங்களில் பழங்குடிக் குறியீடுகள் மிகுந்துள்ளன. அதனைத் 'தேடல்' என்றும் ஜன்கட்டின் ஆக்கத்தை 'மரபு' என்றும் வேறுபடுத்தும் திறனாய்வுச் சொல்லாட்சி ஒருதலைப்பட்சமானது.