திருப்பூர் தண்ணீர்க் கணக்கில் விடுபட்ட ஆறு

நகராட்சிகள் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் எப்படிக் கடன் வாங்குகின்றன என்று தேடினால், எந்த அறிக்கையைத் திறந்தாலும் திருப்பூர் வந்துவிடும். தனியார் பங்கேற்போடு வந்த இந்தியாவின் முதல் பெரிய குடிநீர்த் திட்டம் என்ற பட்டத்தோடு. நான் பார்த்த அறிக்கைகளில் பலவும் குழாயில் தண்ணி வந்ததோட கதையை முடிச்சுடுது. கல்யாண ஆல்பம் மாதிரி. குடித்தனம் எப்படி நடந்தது என்பது ஆல்பத்தில் இருக்காது.

முதலில் திட்டம். 1990களில் பனியன் ஏற்றுமதி ஓடிய ஓட்டத்துக்கு ஊரில் தண்ணீர் இல்லை. சாயப்பட்டறைகள் அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கிணறுகளில் இருந்து லாரித் தண்ணி வாங்கின. மாநில அரசும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனமும் சேர்ந்து தனி நிறுவனம் தொடங்கின. பவானி ஆற்றிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு, நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர வேண்டும். செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். நகரின் ஒரு பகுதிக்குப் பாதாளச் சாக்கடையும் அதே திட்டத்துக்குள் வந்தது. 30 வருட ஒப்பந்தம்.

அந்தக் கடனை யார் அடைப்பது? தண்ணீரில் 12.5 கோடி லிட்டர் ஆலைகளுக்கு. ஆயிரம் லிட்டர் 45 ரூபாய். மீதி 6 கோடி ஊருக்கும் வழியில் உள்ள கிராமங்களுக்கும். அவர்களுக்கு 5 ரூபாயும் அதற்குக் கீழும். நானே பெருக்கிப் பார்த்தேன். முழு அளவும் விற்றால் ஆலைகளிடம் இருந்து ஒரு நாளைக்கு 56 லட்சம், மக்களிடம் இருந்து அதிகபட்சம் 3 லட்சம். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குப் போகுது, பணத்தில் இருபதில் ஒரு பங்குதான் அங்கிருந்து வருது. சம்பாதிக்கிறவன் கூடக் கொடுக்கட்டும் என்ற ஏற்பாடு நியாயமானதுதான். நானும் இதைப் படித்தபோது நல்ல யோசனை என்றே நினைத்தேன்.

கோளாறு வேறு இடத்தில். சாயப்பட்டறை ஏன் 45 ரூபாய் கொடுக்கும்? லாரித் தண்ணி அதைவிடச் சௌகரியம் இல்லை என்பதால். லாரி ஏன் வந்தது? ஊருக்குள் இருந்த நிலத்தடி நீர் வற்றியும் சாயத்தில் கெட்டும் போனதால். அப்படியானால் இந்தத் திட்டத்தின் வருமானமே, பட்டறைகள் புதுத் தண்ணீரை வாங்கி, சாயம் போட்டு, நொய்யலில் விட்டுக்கொண்டே இருப்பதில்தான் நிற்கிறது. நொய்யல் எப்படி இருந்ததுன்னு கடன் கொடுத்தவங்களுக்குத் தெரியாதா? சென்னிமலைக்குப் பக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகி, தண்ணியைத் திறந்துவிட வேண்டாம்னு விவசாயிகளே சொல்ற நிலைமை அப்பவே வந்திருந்தது.

விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்பது பட்டறைகளுக்கு விதியானது. விதி நடைமுறைக்கு வராததால், 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தண்ணீர் நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர் ஒரே நாளில் கடையை மூடிய கதை. பிறகு பட்டறைகள் திறந்தபோது நிலைமை மாறியிருந்தது. கழிவை முழுக்கச் சுத்திகரித்தால் பெரும்பகுதித் தண்ணீர் பட்டறைக்கே திரும்ப வந்துவிடும். குழாயில் வாங்க வேண்டியது குறையும். ஆறு சுத்தமானால் நிறுவனத்துக்கு நஷ்டம், ஆறு நாறினால் லாபம். இப்படி ஒரு கணக்கை நாலு பேர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க. கடன் அட்டவணையை மாற்றிப் போட வேண்டி வந்தது. 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ்ஸே சரிந்தது தனிக்கதை.

தனியார் வந்ததுதான் தப்பு என்று சுலபமாகச் சொல்லலாம். அதை நான் ஏற்கவில்லை. அரசே கடன் வாங்கியிருந்தாலும் வாடிக்கையாளர் அதே சாயப்பட்டறைதானே. சென்னைக்குப் பக்கத்தில் ஆலந்தூரைப் பாருங்க. 1990களின் கடைசியில் பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்பு கேட்டாங்க, மக்கள் வரிசையில் வந்து கட்டினாங்க. அங்கேயும் தனியார் இருந்தார்கள். ஆனால் பாரம் ஆயிரக்கணக்கான வீடுகள் மேல் பரவியிருந்தது. நடுத்தர வர்க்க ஊர் என்பதால் முடிந்தது, எல்லா ஊருக்கும் பொருந்தாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் கோவை. 2018இல் மாநகராட்சி சூயஸ் நிறுவனத்தோடு 24 மணி நேரக் குடிநீருக்கு 26 வருட ஒப்பந்தத்துக்குப் போனபோது, பிரெஞ்சுக் கம்பெனிக்குச் சிறுவாணியை வித்துட்டாங்க என்பதுதான் ஊர்ப்பேச்சு. டீக்கடையில் சண்டையே நடந்தது. வசூல் நினைத்த அளவு வராவிட்டால் அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது, மாநகராட்சியின் எந்த வேலையை நிறுத்தி நிரப்புவது என்று கேட்டவர்கள் குறைவு.

அதே நொய்யல்தான் கோவையில் சாக்கடையை வாங்கிக்கொண்டு திருப்பூருக்குப் போகிறது. அங்கே பயிர் போன விவசாயிக்கு நீதிமன்றம் நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தது. நான் மேலே பெருக்கிய கட்டணக் கணக்கில் அந்தத் தொகைக்கு ஒரு வரி கூட இல்லைங்க.