உட்கிராஃப்டின் அட்டவணை

பென்னட் உட்கிராஃப்ட் துணி ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. தறியிலும் கப்பல் உந்தியிலும் தானே காப்புரிமை வாங்கியவர். ஆனால் என்னை வியக்கவைப்பது அந்தக் கண்டுபிடிப்புகள் அல்ல, அவர் தொகுத்த அட்டவணைகள்.

1852 வரை இங்கிலாந்தில் காப்புரிமை விவரங்கள் தோல் சுருள்களில், லண்டனின் மூன்று தனித்தனி அலுவலகங்களில் கிடந்தன. முன்பே ஒருவர் செய்துவிட்டாரா என்று பார்ப்பதற்குள் கண்டுபிடிப்பாளருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். உட்கிராஃப்ட் 1617 முதல் 1852 வரையிலான 14,359 காப்புரிமைகளையும் தேதிவாரியாக, பெயர்வாரியாக, பொருள்வாரியாகப் பிரித்து அச்சேற்றினார். பெயரே தெரியாமல், ‘நூற்பு’ என்ற பொருளை மட்டும் மனதில் வைத்துத் தேடி வருபவருக்கும் அதில் வழி இருந்தது. தேடுகிறவனின் தவிப்பை அறிந்தவரால்தான் இப்படி யோசிக்க முடியும். அவரே தேடி அலைந்தவர் அல்லவா!

1855இல் அவர் முயற்சியில் காப்புரிமை அலுவலக நூலகம் திறந்தது. யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் போய்ப் படிக்க முடிந்தது. அந்த நூலகத்தின் தொகுப்பு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஸ்டீபன்சனின் ‘ராக்கெட்’ ரயில் இயந்திரத்தை காப்புரிமை அலுவலக அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததிலும் உட்கிராஃப்டின் கை உண்டு. காப்புரிமை அலுவலகப் பணியிலிருந்து 1876இல்தான் ஓய்வு பெற்றார்.