ஊதுகொம்பும் மேளமும்: 'வீழ்ச்சி' என்னும் கருத்து குறித்து

தமிழர் இசைக்கருவிகள் பற்றிய எழுத்துகளில் கொம்பின் வரலாறு பெரும்பாலும் வீழ்ச்சியின் வரலாறாகவே அமைகிறது. வேந்தர் பாசறையில் முழங்கிய கருவி சிற்றூர்ச் சாமியாட்டத்திற்கு இறங்கி, நாகசுரத்தின் முன் மங்கிற்று என்பது அதன் சாரம். இதற்குப் பத்துப்பாட்டே இடந்தரவில்லை.

முல்லைப்பாட்டில் வயிரும் வளையும் வென்று மீளும் படையின் வரவை அறிவிக்கின்றன. மலைபடுகடாத்திலோ கூத்தர் சுமந்து செல்லும் முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் ஆகியவற்றோடு பீலி அணிந்த கோடும் இடம்பெறுகிறது; இங்கு அது பல்லியத்தின் உறுப்பு. குறிஞ்சிப்பாட்டு அன்றிலின் குரலுக்கு வயிரின் ஓசையை உவமையாக்குகிறது. அவ்வேக்கத்திற்கும் போர்க்களத்திற்கும் என்ன தொடர்பு? ஒரே தொகுப்பில் மூன்று நிலைகள் காணப்படும்போது, ஒன்றை மூலமெனவும் பிறவற்றைச் சிதைவெனவும் கொள்வது முறையன்று.

கருவியின் இயல்பும் கருதத்தக்கது. கொம்பிற்கு விரல்துளை இல்லை. குழாயின் நீளம் இடந்தரும் சில சுரங்களே உதட்டின் இறுக்கத்திற்கேற்பப் பிறக்கும். இராக ஆலாபனை அதற்கு இயலாது. ஐரோப்பியக் கொம்பிற்கும் இத்தடை இருந்தது. 1818இல் ஸ்டோல்செல், புளூமெல் இருவரும் பெர்லினில் வால்வு அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றபின் அது பண்ணிசைக்கும் உரியதாயிற்று. எனினும் இராணுவ பேண்டின் அணிநடை இசையில் அது நெடுங்காலம் தட்டுகளுக்கு இடையே ஒலித்துக் காலத்தைத் தாங்கும் பணியையே செய்தது. தமிழகக் கொம்பு வால்வை நாடவில்லை. பண்ணிசைக்கு நாகசுரம் அருகிலேயே இருந்தது. கொம்பின் பொறுப்பு தாளத்தைச் சார்ந்தது. 'தாரை தப்பட்டை' என்னும் வழக்கு ஊதுகருவியைத் தோற்கருவியோடு இணைத்தே வழங்குவது தற்செயலன்று. கேரளப் பஞ்சவாத்தியத்தில் இது இன்னும் தெளிவு: திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம் ஆகிய நான்கிற்கும் நடுவே ஒரே ஊதுகருவி கொம்பு, அதுவும் தாளச் சொற்கட்டையே ஊதுகிறது.

முக்கூடல் முதலிய தாமிரபரணிக் கரை ஊர்களில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்தின் மகுடம் ஆகியவை நெல்லைக் கொடை விழாக்களுக்கு உரிய ஒலிகள். இன்று தென்மாவட்ட விழாக்களுக்குச் செண்டை மேளமும் அழைக்கப்படுகிறது. அதனுடன் கொம்பும் வருமாயின், இளைய தலைமுறை அதனை மலையாளக் கருவியெனக் கருதுவதில் வியப்பில்லை. பொதிகைக்கு இருபுறமும் ஒலித்த கருவி ஒருபுறத்தில் அயலதாகிறது. இதில் ஆய்வாளர்க்கும் பங்குண்டு. கொம்பைப் போர்க்கருவியெனப் பழமைக்குள் நிறுத்தியவர்கள், மேளத்தில் அது செய்யும் பணியை ஆராயத் தலைப்படவில்லை. உலோகத்தையும் வளைவையும் அளந்து விவரிப்பது அருங்காட்சியகப் பட்டியலுக்குப் போதும். தவிலின் எந்தச் சொல்லுக்குப் பின் கொம்பு நுழைகிறது, எத்தனை அட்சரம் நீள்கிறது, நடை மாறும்போது முந்துகிறதா பின்தொடர்கிறதா என்பவற்றை, ஊதுவோர் இருக்கும்போதே களத்தில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியுள்ளது.