சங்கிலியின் எடையும் அடையாளமும்

நெடும்பயணம் போகும் பாய்மரப் படகுக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: நங்கூரச் சங்கிலி கனக்கக் கனக்க நல்லது. கனத்த சங்கிலி தொய்ந்து தரையில் கிடக்கும், நங்கூரம் மேல்நோக்கி இழுபடாது என்பார்கள். இளங்காற்றில் உண்மைதான். ஆழம் குறைந்த இடத்தில் பலத்த காற்று பிடித்துவிட்டால் அந்தத் தொய்வு அநேகமாக மறைந்து, சங்கிலி விறைத்துவிடும். அலையின் உலுக்கலை அப்போது வாங்கிக்கொள்வது எடை அல்ல. சங்கிலியில் கொக்கியிட்டுப் படகில் கட்டும் நைலான் கயிறு.

எனவே எடையைவிட உருக்கின் தரத்துக்குக் காசு கொடுப்பதே மேல். 10 மி.மீ. சங்கிலி, தரம் 30 என்றால், 5 டன்னுக்குச் சற்றுக் குறைவான இழுப்பில் அறும். தரம் 70இல் 8 மி.மீ. சங்கிலியே 7 டன் தாங்கும். 60 மீட்டரில் 50 கிலோ மிச்சம். அணியத்தில் அவ்வளவு சுமை குறைந்தால் எதிரலையில் படகு மூக்கை முக்காமல் ஏறும். குறைகளும் உண்டு. சிறிய கண்ணிக்குள் நுழையும் ஷேக்கிள் (இணைப்பு வளையம்) சங்கிலியளவு வலுவாக இருக்காது. துரு ஏறியபின் மறுபடி துத்தநாகக் குளியல் போட்டால், அந்தச் சூட்டில் தரம் 70இன் வலிமை குறையலாம். சங்கிலியை ஏற்றி இறக்கும் விண்ட்லாஸ் எந்திரத்தின் சக்கரமும் பொருந்த வேண்டும்: 10 மி.மீ. சங்கிலியிலேயே ஜெர்மன் தரநிலையான டின் 766 அளவில் கண்ணியின் உள்நீளம் 28 மி.மீ., ஐஎஸ்ஓ அளவில் 30. மாற்றி வாங்கினால் சங்கிலி சக்கரத்தில் துள்ளும்.

இத்தனை விவாதித்தபின் சங்கிலியில் நீளத்தை அடையாளமிடுவதை ஏனோதானோவென்று விட்டுவிடுகிறார்கள். மத்தியதரைக் கடலில் அது பெரிதாக உறைக்காது. அங்கே ஓதம் அற்பம். ஆனால் பிரான்ஸின் செயின்ட் மாலோவில் கடல் 12 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். வற்றத்தில் 5 மீட்டர் ஆழம், அணியத்தின் உயரம் 1 மீட்டர். இரண்டும் சேர்ந்ததற்கு ஐந்து மடங்கு என்றால் 30 மீட்டர் சங்கிலி போதும். தண்ணீர் 8 மீட்டர் ஏறினால் அதே கணக்கு 70 கேட்கும். எவ்வளவு விட்டோம் என்பது தெரியாமல் இதில் இறங்கக் கூடாது.

வழக்கமான முறை வண்ண வரிசை: சிவப்பு, மஞ்சள், நீலம். பகலில் அழகு. இரவில், சேறு அப்பிய சங்கிலியில் நீலம் எது, கறுப்பு எது? வரிசையை நினைவில் வைத்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். எண்ணிக்கை முறை எனக்கு உசிதம்: 10 மீட்டரில் ஒரு வெள்ளைப் பட்டை, 20இல் இரண்டு, 30இல் மூன்று. அமெரிக்கக் கடற்படை வண்ணத்தோடு வெள்ளைக் கண்ணிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே வைத்திருக்கிறது. பெயின்ட் ஒரு பருவத்திலேயே உரியக்கூடும் என்பது நியாயமான புகார். அதற்குப் பதில் கட்டும் கேபிள் டை இருட்டில் கைக்குத் தட்டுப்படும், ஆனால் சக்கரத்தில் அறுந்து கடலில் பிளாஸ்டிக் குப்பையாகும். நான் பெயின்ட் பக்கம். வருடந்தோறும் பூசும் சாக்கில் ஒவ்வொரு கண்ணியின் தேய்மானமும் கண்ணில் படும்.

கடைசி 5 மீட்டரை முழுக்கப் பூசி எச்சரிக்கையாக விடலாம். அதன் நுனியைப் படகோடு பிணைப்பது ஷேக்கிளாக இருக்கக் கூடாது. தளம்வரை எட்டும் கயிறாக இருந்தால், அவசரத்தில் கத்தியால் அறுத்துவிட்டுத் தப்பலாம்.