பழுதின் வேர் தேடும் மரபு: பழைய ஆர்கேட் இயந்திரங்களின் நினைவகமும் ஒலியும்

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ உலகெங்கும் பரவியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஜப்பானும் அமெரிக்காவும் போட்டி போட்டுக்கொண்டு காசு போட்டு ஆடும் இயந்திரங்களைப் படைத்தன. அவை இன்று நாற்பது வயதைத் தாண்டி நிற்கின்றன. அந்த வயதில் அடிக்கடி தலைகாட்டும் பழுதுகள் இரண்டு: நினைவகம் தடுமாறுவது, ஒலி கெடுவது. இவற்றைத் தீர்க்கும் முயற்சியில் வளர்ந்த தொழில் மரபில் தனித்தனி வழிகள் உண்டு. எல்லா வழிகளுக்கும் பொதுவான தரமும் உண்டு.

நினைவகம்: நான்கு வழிகள்

முதல் வழி, இயந்திரத்தையே பேசவைப்பது. சிகாகோவின் வில்லியம்ஸ் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட ‘ரோபோட்ரான்’ இதற்கு நல்ல சான்று. அதில் வரிசைக்கு எட்டாக மூன்று வரிசைகளில் 24 ‘4116’ நினைவகச் சிப்கள் உள்ளன. மின்சாரம் வந்தவுடன் இயந்திரம் தன்னைத்தானே சோதித்து, எந்த வரிசையில் எத்தனையாவது சிப் கெட்டது என்று எண்ணால் சொல்லிவிடும். நாம்கோவின் ‘பேக்மேன்’ சோதனையில் தேறினால் நினைவகம் நலம் என்று திரையில் எழுதும். அட்டாரியின் ‘டெம்பெஸ்ட்’ திரையை நம்பாமல் பீப் ஒலிகளாலேயே நினைவகக் குறையை அறிவிக்கும். ஆனால் சோதிக்கும் நிரல் ஓடுவதற்கே புராசஸரும் ரோமும் நலமாக இருக்க வேண்டும். அவை செத்துக் கிடந்தால் இந்த வழி அங்கேயே நின்றுவிடும்.

அந்த இடத்தில் கைகொடுப்பது இரண்டாம் வழி. புராசஸரைக் கழற்றிவிட்டு, அதன் சாக்கெட்டில் சோதனைக் கருவியின் முனையைச் செருகுவார்கள். ஃப்ளூக் 9010ஏ இவ்வகையில் புகழ்பெற்ற கருவி. பஸ், ரோம், ரேம் மூன்றையும் வெளியிலிருந்தே தட்டிப் பார்க்கும். அட்டாரியும் தன் இயந்திரங்களுக்கென்று ‘கேட் பாக்ஸ்’ என்ற கருவியை வைத்திருந்தது.

மூன்றாம் வழி கையும் கண்ணும் சார்ந்தது. லாஜிக் புரோபும் ஆசிலோஸ்கோப்பும் கொண்டு ஒவ்வொரு காலாகத் துடிப்பைப் பார்ப்பது. திரையில் எழுத்துகள் சிதறும் ஒழுங்கைக் கொண்டு எந்த பிட் கெட்டது என்று கணிப்பது. சந்தேகத்துக்குரிய சிப்பின் முதுகில் நல்ல சிப் ஒன்றைக் கால்கள் பொருந்த அமர்த்திப் பார்ப்பதும் இதில் அடங்கும். கெட்ட சிப் வெறுமனே மௌனமாகிவிட்டிருந்தால் இந்த உத்தி பலிக்கும். அது தடத்தைத் தரையோடு பிடித்து வைத்திருந்தால் பலிக்காது.

நான்காம் வழி மாற்றீடு. ‘ரோபோட்ரான்’ போன்ற இயந்திரத்தின் 24 பழைய சிப்களையும் எடுத்துவிட்டு, ஐந்து வோல்ட் மட்டும் கேட்கும் புதிய சிறு போர்டைப் பொருத்துகிறார்கள். ‘4116’ சிப்புக்கு +12, +5, -5 ஆகிய மூன்று மின்னழுத்தங்கள் தேவை; -5 வராமல் +12 மட்டும் வந்தால் சிப்பே அழிந்துபோகலாம். நாள்தோறும் மக்கள் ஆடும் கூடத்தில் இந்த மாற்றீடு நியாயமானது. காட்சியகத்துக்குச் செல்லும் இயந்திரத்தில் பழைய சிப்களைக் காப்பதே முறை.

ஒலி: இரண்டு பாதிகள்

ஒலிப் பழுதை அணுகும்போது, பிறக்கும் பாதி, பெருகும் பாதி என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கர், வால்யூம் கண்ட்ரோல், ஆம்ப்ளிஃபயர் ஐசி ஆகியவை பெருகும் பாதி. இடைவிடாத இரைச்சல் கேட்டால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். முழு அலைத் திருத்தத்துக்குப் பின் எஞ்சும் அலை 120 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதி காதில் விழுந்தால் பாதி வேலை முடிந்தது.

பிறக்கும் பாதி இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஒலிகள் தனித்தனி அனலாக் சுற்றுகளில் பிறப்பவை. ஓர் ஒலி மட்டும் காணாமற்போனால் அதன் சுற்றில் தேடினால் போதும். 1981-இல் வந்த ‘டாங்கி காங்’ இயந்திரத்தில் நடை, தாவல் ஒலிகளும் அப்படியே. ‘பேக்மேன்’ ஒலி மூன்று குரல்கள் கொண்டது. அலைவடிவங்கள் ஒரு ப்ராமில் எழுதப்பட்டிருக்கும். 1984-இன் ‘மார்பிள் மேட்னஸ்’ யமஹாவின் ஒய்எம்2151 சிப்பில் பாடுகிறது.

வில்லியம்ஸ் ஒலி போர்டுக்குத் தனிப் புராசஸர் உண்டு. தனிச் சோதனைப் பொத்தானும் உண்டு. பொத்தானை அழுத்தி ஒலி வந்தால், குறை அந்த போர்டில் இல்லை, அதற்குக் கட்டளை வரும் பாதையில் இருக்கிறது. 6808 புராசஸர் கொண்ட போர்டில் 128 பைட் கொண்ட ‘6810’ ரேம் சிப் கெட்டாலும் ஒலி அடங்கிவிடும். ஒலிக் குறை என்று வந்தது நினைவகக் குறையாக முடிவதும் உண்டு என்பதை இங்கே அறியலாம்.

தரம் எது?

நான்கு வழிகளில் எதைப் பின்பற்றினாலும் வரிசை ஒன்றுதான். முதலில் மின்னழுத்தம்: 5 வோல்ட் என்பதை பவர் சப்ளையில் அல்ல, சிப்பின் காலில் அளக்க வேண்டும், 4.75-க்கும் 5.25-க்கும் இடையே நிற்க வேண்டும். கறுத்துப்போன எட்ஜ் கனெக்டர் வழியிலேயே அரை வோல்ட்டைத் தின்றுவிடக்கூடும். அடுத்து கிளாக், ரீசெட். அதன்பின் ரோம்: 1997-இல் நிக்கோலா சால்மோரியா தொடங்கிய, பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்கும் ‘மேம்’ திட்டம் ஆயிரக்கணக்கான ரோம்களின் சரிபார்ப்பு எண்களைச் சேர்த்து வைத்திருக்கிறது, அவற்றோடு ஒப்பிடலாம். ரேம் கடைசியில்தான்.

சான்று இல்லாமல் சிப்பைக் கழற்றக் கூடாது. சூடு ஏறினால் செம்புத் தடம் பெயர்ந்துவிடும். அதன்பின் ஒரு பழுது இரண்டாகும். கழற்றுவது உறுதியானால் கால்களை வெட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, நல்ல சாக்கெட் வைப்பதே முறை. செய்ததைத் தேதியோடு எழுதி இயந்திரத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். குறைந்த சிப்களை மாற்றிப் பழுதை நீக்குபவரே இந்தத் தொழிலில் தேர்ந்தவர் என்பது என் துணிபு.

இத்தகைய இயந்திரம் வைத்திருப்போர், ஓடவில்லையே என்று திரும்பத் திரும்ப ஸ்விட்சைப் போட வேண்டாம். முதலில் மீட்டரை எடுங்கள். வில்லியம்ஸ் போர்டாக இருந்தால் அதிலுள்ள மூன்று ஏஏ பேட்டரிகளையும் இன்றே அகற்றுங்கள்; அவை கசிந்து அரித்த தடங்களை மீட்பது மிகக் கடினம்.